பழைய காருக்குப் பந்தயச் சில்லா, வீதிச் சில்லா? தெரிவு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மினி, பீட்டில், டட்சன் 1200, பழைய லான்சர் ஆகிய கார்களை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்போர் பலர் உள்ளனர். இயந்திரமும் பெயின்றும் சரிவந்ததும் அவர்களுடைய கவனம் பெரும்பாலும் சில்லுகளின் மீதே திரும்புகிறது. நான்கு சில்லுகளை மாற்றினால் ஒரே நாளில் காரின் தோற்றம் மாறிவிடும் என்பது உண்மை. ஆனால் காரின் நிறை முழுவதையும், வளைவில் எழும் விசையையும், பிறேக்கின் வேலையையும் தாங்கி நிற்பது அதே சில்லுதான் என்பதால், அழகை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்தானது.

என் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டங்களின் வீதிகளில் ஓடும் காருக்கு வீதிப் பாவனைக்கெனச் சோதிக்கப்பட்ட சில்லே பொருந்தும். மெய்யான பந்தயச் சில்லை வாங்க விரும்புபவர் அதை இரண்டாவது தொகுதியாக வைத்திருந்து, போட்டி நடக்கும் இடத்தில் மாத்திரம் பூட்ட வேண்டும். பந்தயத் தோற்றத்தை விரும்புபவருக்கு, அதே வடிவில் வீதிக்கென வார்க்கப்பட்ட அலுமினியச் சில்லு இருக்கிறது. அதை எப்படித் தெரிவு செய்வது என்பதையே பின்வரும் படிகள் விளக்குகின்றன.

இரண்டும் எந்த நோக்கத்துக்குச் செய்யப்பட்டவை

பந்தயச் சில்லை வடிவமைப்பவர் முதலில் பார்ப்பது நிறையைத்தான். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் நிறை குறையக் குறைய, ரயர் தரையை விட்டு எழும்பாமல் மேடுபள்ளத்தைப் பின்தொடரும். காரின் வேகம் கூடுவதும் குறைவதும் இலகுவாகும். இதனால்தான் 1960களில் மினி கூப்பர் கார்களுக்கென வந்த மினிலைட் சில்லுகள் மக்னீசியக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டன. ஒரு கன சென்றிமீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.85 கிராம் நிறையுடையது, அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியமோ 1.74 கிராம்தான். பந்தய அணிக்கு இந்த வேறுபாடு பெரிய வரப்பிரசாதம். ஒவ்வொரு போட்டிக்குப் பின்னரும் சில்லுகளைக் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று ஊடுருவு சாயம் பூசிச் சோதித்து, ஐயமிருந்தால் ஒதுக்கிவிடும் வசதியும் ஒழுங்கும் அந்த அணியிடம் உண்டு. அச்சில்லு பல ஆண்டுகள் கவனிப்பின்றி ஓட வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

வீதிச் சில்லின் கதை வேறு. அது பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து, கிடங்கில் விழுந்து, நடைபாதைக் கல்லில் உரசி, நிறைபாரத்துடன் ஓடிய பின்னரும் பிளக்காமல் இருக்க வேண்டும். ஜப்பானிய அலோய் (கலப்புலோக) சில்லுகளில் காணப்படும் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை, சுழலும் நிலையில் வளைத்துப் பார்க்கும் களைப்புச் சோதனை, ரயருடன் பாரமேற்றி உருட்டும் சோதனை, விளிம்பில் எடையை விழுத்தும் மோதல் சோதனை ஆகிய மூன்றையும் குறிக்கும் தரத்துக்குரியது. அதனருகில் வி.ஐ.ஏ. என்ற முத்திரையும் இருந்தால், உற்பத்தியாளருக்கு வெளியே மூன்றாம் தரப்பும் அதைச் சோதித்திருக்கிறது என்று பொருள். பந்தயத்துக்கெனவே செய்யப்பட்ட சில்லுகள் பலவற்றில் இத்தகைய முத்திரை எதுவும் இருக்காது.

படி 1: கார் உண்மையில் எங்கே ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் கார் சென்ற இடங்களை எழுதிப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதி வழியே போய்வருவோருக்கு நல்ல தார் வீதி கிடைக்கிறது. ஆனால் கடற்கரையோர ஒழுங்கைகளுக்குள் திரும்பியதும் மணல் தொடங்கிவிடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போய் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்து உள்வீதிகளில் ஓடுபவருக்குக் கிரவல் வீதியும், தார் முடியும் இடத்தில் கூர்மையாக இறங்கும் விளிம்பும், மாரியில் மதகுகளின் இரு கரையிலும் அரித்துப்போகும் மண்ணும் பழக்கமானவை. எதிரில் லொறி வரும்போது இடப்பக்கச் சில்லைத் தாருக்குக் கீழே இறக்கி மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடியில் றிம்மின் உள்விளிம்பு வாங்கும் அடி, மட்டமான பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுவதும் ஓடினாலும் கிடைக்காத அடி.

போட்டிகளில் கலந்துகொள்ள விரும்புபவரின் நிலைமையையும் பார்ப்போம். நம் நாட்டில் நுவரெலியா மாவட்டத்தில் நடக்கும் மஹகஸ்தொட்ட, ரதெல்ல மலையேற்றப் போட்டிகளும், களுத்துறைக்கு அருகில் பழைய விமான ஓடுதளத்தில் அமைந்த கட்டுக்குருந்தைத் தடமும் பெயர்பெற்றவை. கிழக்கிலிருந்து எல்லாமே தொலைவு. செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதியில் மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்குச் செல்வதென்றால் ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர். போட்டி என்பது சில நிமிட ஓட்டம். போய்வருவதோ நானூறு கிலோமீற்றர் வீதி ஓட்டம். ஆகவே போட்டிக்காரருக்கும் வீதிச் சில்லே அடிப்படைத் தேவை. பந்தயச் சில்லுகள் லொறியிலோ துணை வாகனத்திலோ பின்னால் வரட்டும்.

படி 2: காரின் ஹப்பை அளந்துகொள்ளுங்கள்

ஹப் என்பது அச்சின் முனையில் சில்லு பூட்டப்படும் பகுதி. சில்லின் போல்ட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தைப் பி.சி.டி. என்பர். நான்கு போல்ட் உள்ள ஹப்பில், எதிரெதிரே இருக்கும் இரண்டு போல்ட்களின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் அது கிடைத்துவிடும். ஐந்து போல்ட் உள்ள ஹப்பில் எதிரெதிர் என்பது இல்லை என்பதால், கைந்நூலைப் பார்ப்பதே நலம். பீட்டிலில் 1967 வரையான மாதிரிகள் ஐந்து போல்ட்டும் 205 மி.மீ. வட்டமும் கொண்டவை, 1968 மாதிரியிலிருந்து நான்கு போல்ட்டும் 130 மி.மீ. வட்டமும் வந்தன. டட்சன் 1200, பழைய லான்சர், கே.இ.70 வகைக் கொரோலா ஆகியவை நான்கு போல்ட், 114.3 மி.மீ.

மைனரும் மினியும் நான்கு போல்ட், 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. விட்ஸ், ஜப்பானிய வேகன் ஆர் போன்ற கார்களின் சில்லுகள் 100 மி.மீ. வட்டம் கொண்டவை, பாவித்த நிலையில் எங்கும் தாராளமாகக் கிடைப்பவை. அவற்றை மைனரின் ஹப்பில் வைத்துப் பார்த்தால், போல்ட்கள் துளைக்குள் நுழைந்துவிடும், நட்டும் பூட்டுப்படும். “சரியாத்தான் இருக்கு அண்ணன்” என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் மையத்திலிருந்து 0.8 மி.மீ. உள்நோக்கி வளைந்தபடியே இறுகுகிறது. நட்டின் கூம்பு முகம் துளையின் ஒரு பக்கத்தில் மட்டுமே அமர்கிறது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட் வளைந்து நிமிர்கிறது, நட்டுத் தளர்கிறது, நாளடைவில் போல்ட் முறிகிறது. இதைக் கண்டறிவது எளிது. நான்கு நட்டுகளையும் கையால் மட்டும், ஸ்பானர் இல்லாமல், கடைசி வரை திருகிப் பாருங்கள். ஒன்று முழுமையாக அமர்ந்து மற்றவை கோணலாக நின்றால், அந்தச் சில்லு உங்கள் காருக்குரியதன்று. துளைகளை அகலமாக்கிப் பொருத்தித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் இணங்க வேண்டாம்.

போல்ட்டின் புரியையும் பாருங்கள். மைனரிலும் மினியிலும் 3/8 அங்குல நுண்புரி. பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் 12 மி.மீ. போல்ட், அதிலும் டட்சனில் புரியிடைவெளி 1.25 மி.மீ., டொயோட்டாவிலும் மிட்சுபிஷியிலும் 1.5 மி.மீ. ஒன்றின் நட்டு மற்றதில் இரண்டு சுற்று ஏறிவிடும் என்பதால் ஏமாறக்கூடாது.

படி 3: விட்டம், அகலம், ஓப்செற்

ரயர் உட்பட முழுச் சில்லின் வெளிவிட்டம் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். மாறினால் வேகமானி பிழையாகக் காட்டும், கியர் விகிதம் மாறும், மட்காட்டில் உரசும். ரயரின் அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரட்டித்து, றிம்மின் விட்டத்தைக் கூட்டினால் கணக்கு முடிந்தது. பழைய லான்சரையோ கொரோலாவையோ எடுத்துக்கொள்ளுங்கள். 155/80 ஆர் 13 ரயரின் (அகலம் 155 மி.மீ., சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், றிம் 13 அங்குலம்) வெளிவிட்டம் 578 மி.மீ.; 175/70 ஆர் 13 எனில் 575; 185/60 ஆர் 14 எனில் 578; 195/50 ஆர் 15 எனில் 576. நான்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் றிம்முக்கும் வீதிக்கும் இடையில் நிற்கும் ரயர்ச் சுவரின் உயரம் முதலாவதில் 124 மி.மீ., கடைசியில் 98 மி.மீ. மட்டுமே. கிடங்கில் விழும்போது றிம்மைக் காப்பாற்றுவது அந்தச் சுவர்தான். நம் வீதிகளுக்கு 13 அங்குலத்தில் 175/70 மிகவும் பொருத்தமானது என்பதே என் கருத்து. 14 வரை போகலாம். 15 அங்குலம் இந்தக் கார்களுக்குத் தோற்றத்தைத் தவிர வேறெதையும் தருவதில்லை. மலிவான 15 அங்குல அலோய் சில்லு பழைய 13 அங்குல உருக்குச் சில்லைவிடப் பாரமாக இருப்பதும் உண்டு. கடையிலுள்ள தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்க்கக் கேளுங்கள்.

ஓப்செற் என்பது சில்லின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம். அலோய் சில்லின் உட்பக்கத்தில் ஈ.ரி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் பத்துக் குறைந்தால் சில்லு பத்து மில்லிமீற்றர் வெளியே வரும். எண் மாறாமல் அகலம் 5 அங்குலத்திலிருந்து 6 ஆகக் கூடினால், உள்ளேயும் வெளியேயும் தலா 12.7 மி.மீ. நீளும். பந்தயச் சில்லுகள் அகலமானவை, ஓப்செற் குறைந்தவை, அகலமான மட்காட் பூட்டிய காரை எண்ணிச் செய்யப்பட்டவை. அவற்றைச் சாதாரண உடலுள்ள காரில் பூட்டினால் ரயர் வெளியே துருத்தி நிற்கும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் மீது கல்லும் சேறும் வீசும்.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு அதைவிடப் பெரிது. சில்லு வெளியே நகர நகர ஹப் பெயரிங்கிலும் ஸ்டியரிங் மூட்டுகளிலும் நெம்புவிசை கூடுகிறது. மைனர் வைத்திருப்போர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். அதன் முன் சஸ்பென்ஷனின் கீழ்த் திரனியன், அதாவது புரியால் பூட்டி நிற்கும் கீழ் மூட்டு, புரி தேய்ந்தால் கழன்று, முன் சில்லு காருக்கடியில் மடிந்துவிடும் என்பது அக்காரின் உலகறிந்த பலவீனம். கிறீஸ் ஒழுங்காக அடிக்கப்படாத திரனியனுடன் அகலச் சில்லைச் சேர்ப்பது அந்த நாளை முன்கூட்டியே அழைப்பதாகும். சில்லுக்குச் செலவிடுமுன் திரனியனைக் கழற்றிப் பாருங்கள்.

படி 4: உலோகத்தைத் தீர்மானியுங்கள்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கச்சான் வீசும் மாதங்களில் புழுதி, மாரியில் ஈரம், ஆண்டு முழுவதும் உப்பு. இந்தச் சூழலில் மக்னீசியம் நிலைப்பதில்லை. பெயின்றில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் உப்பீரம் உள்ளே புகுந்து, வெண்ணிறப் பொடியாக உலோகத்தைத் தின்னத் தொடங்கும். அரித்த குழியிலிருந்து வெடிப்புப் பிறக்கும். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கு மக்னீசியச் சில்லைப் பூட்டுவதை நான் எக்காரணத்துக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். அரிய பழைய சில்லு கைக்கு வந்தால், சுத்தம் செய்து, பூசி, உலர்ந்த அறையில் வையுங்கள்.

வார்ப்பு அலுமினியம் நம் சூழலைத் தாங்கும். அதன் குறை, பலமான அடியில் வளைவதைவிட வெடிக்க முற்படுவது. உருக்குச் சில்லு பாரமானது, துருப்பிடிப்பது. ஆனால் கிடங்கில் விழுந்தால் நெளியும், நெளிந்ததை ரயர் கடையிலேயே தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். தூரத்து உள்வீதிகளில் வயலுக்குப் போய்வரும் காருக்கு நல்ல உருக்குச் சில்லைவிட மேலானது வேறில்லை. துரு நீக்கி, உட்பக்கத்தையும் சேர்த்துப் பெயின்ற் அடித்து, பழைய டிஸ்க் கப்பைப் பூட்டினால் அதன் அழகுக்கும் குறைவிருக்காது.

கம்பிச் சில்லுக்கு ரியூப் கட்டாயம். கம்பிகளை அடிக்கடி தட்டி ஒலி பார்த்து இறுக்க வேண்டும். துருவும் விரைவில் பிடிக்கும். காருடன் வந்த அசல் சில்லாக இருந்தாலொழிய இங்கு அதைத் தேடிப் போகத் தேவையில்லை. இரண்டு மூன்று துண்டுகளைப் போல்ட் கொண்டு இணைத்த பந்தயச் சில்லுகளில் மூட்டுப் பசை காய்ந்து காற்று இறங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

படி 5: ரயர்

றிம்மின் அகலத்துக்கும் ரயரின் அகலத்துக்கும் பொருத்தம் உண்டு. 145/80 ரயருக்கு மூன்றரை முதல் 5 அங்குலம் வரையும், 175/70 ரயருக்கு 5 முதல் 6 அங்குலம் வரையும் உள்ள றிம் ஏற்றது. மைனரின் அசல் ஒடுங்கிய றிம்மில் அகலமான ரயரை ஏற்றினால் சுவர்கள் உள்நோக்கி ஒடுங்கி, வளைவில் கார் தள்ளாடும்.

வீதிப் பாவனைக்குரிய றிம்மின் உட்புறத்தில், ரயரின் விளிம்பு நழுவாதபடி ஒரு சிறு மேடு ஓடும். ரியூப் உள்ள ரயர்களின் காலத்தில் செய்யப்பட்ட பழைய றிம்கள் பலவற்றில் இந்த மேடு இல்லை. அவற்றில் ரியூப் இன்றி ரயர் ஏற்ற வேண்டாம். ஒரே காரில், உள்ளிழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய குறுக்கிழை ரயரையும் இக்கால ரேடியல் ரயரையும் கலப்பதும் தவறு. முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கிழையும் பூட்டினால், ஈர வளைவில் காரின் பின்பகுதி வழுக்கிச் சுழலும்.

பந்தய ரயர் சூடேறிய பின்னரே பிடி கொடுக்கும். தவாளிப்பு இல்லாத ரயர் ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழையில் தண்ணீரின் மேல் மிதக்கும். உலர்ந்த நாளிலும், வீதியில் பரவியிருக்கும் மெல்லிய மணலும், அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் காயவிட்ட நெல்லும் அதற்குப் போதும். வீதியில் அதை ஓட்டாதீர்கள். வாங்கும் ரயரின் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் ரயர் தேயுமுன் இறப்பர் காய்ந்துவிடுகிறது. தவாளிப்பு நிறைய இருக்கிறது என்பது மட்டும் நல்ல ரயருக்கு அடையாளமாகாது.

படி 6: பாவித்த சில்லைப் பரிசோதிக்கும் முறை

கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ உள்ளூரிலோ பாவித்த அலோய் சில்லை வாங்குபவர், ரயரைக் கழற்றித் தரச் சொல்லியே பார்க்க வேண்டும். வெளிமுகத்தில் புதுப் பெயின்ற் பளபளப்பது எதையும் உறுதிப்படுத்தாது. உண்மை உட்புறத்தில் இருக்கிறது. சில்லைக் குப்புறக் கவிழ்த்து, உள்விளிம்பைச் சுற்றிலும் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். நகம் தட்டுப்படும் இடத்தில் துணியால் துடைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு மாறியிருந்தால், அல்லது மணி மணியாக உலோகம் திரண்டிருந்தால், அங்கே வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. வெல்டிங் செய்த அலோய் சில்லை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது, சில்லின் கால்கள் மையத்துடன் சேரும் மூலைகளும் நட்டு அமரும் துளைகளின் சுற்றும். அங்கே மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, உலரத் துடைத்து, இடித்துத் தூளாக்கிய வெண்கட்டியைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போன்ற ஈரக் கோட்டை வரையும். பெயின்ற் தடிப்பாக இருந்தால் இச்சோதனை பயன் தராது. அவ்விடத்துப் பெயின்றை நீக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு சில்லைத் தேடுவதே புத்தி. கடைசியாக, சமநிலை பார்க்கும் இயந்திரத்தில் ரயரின்றிச் சுழற்றி, விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள்.

படி 7: பூட்டுதல்

முதலில் ஒரு சில்லை மாத்திரம் முன்பக்கத்தில் பூட்டி, கையால் சுற்றிப் பிறேக் கலிப்பரில் படுகிறதா என்று பாருங்கள். பின்னர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்புங்கள். அதன்பின் நான்கு பேரைக் காரில் ஏற்றி, மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்று பின்பக்கத்தைப் பாருங்கள். வெறும் காரில் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது போதாது.

நட்டின் முகம் சில்லுக்கேற்றதாக இருக்க வேண்டும். சிலவற்றுக்குக் கூம்பு முகம், சிலவற்றுக்கு நீண்ட குழாயும் தட்டை வாஷரும். நட்டு குறைந்தது போல்ட்டின் விட்டமளவு ஆழத்துக்கேனும் ஏற வேண்டும், 1.5 மி.மீ. புரியிடைவெளியுள்ள 12 மி.மீ. போல்ட்டில் அது எட்டு முழுச் சுற்று. அலோய் சில்லின் தடித்த மையத்தால் அவ்வளவு ஏறாவிட்டால் நீண்ட போல்ட் போட வேண்டும். சில்லை வெளியே தள்ள இடையில் செருகும் தளர்வான தட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

அலுமினியமும் இரும்பும் உப்பீரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதால், ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து செப்புக் கிறீஸை மிக மெல்லியதாகப் பூசுங்கள். போல்ட் புரியில் பூச வேண்டாம். எதிரெதிர் ஒழுங்கில், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் கொண்டு இறுக்குங்கள். மைனருக்கும் மினிக்கும் ஏறத்தாழ 60 நியூற்றன் மீற்றர் போதும். ரயர் கடையின் ஏர் கன்னால் இறுக்கினால் அந்த மெல்லிய 3/8 அங்குல போல்ட் இழுபட்டுவிடும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒருமுறை போய்வந்ததும், சில்லுகள் ஆறிய பின்னர், எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். புதிய அலோய் சில்லில் முகங்கள் அமரும்போது நட்டுச் சற்றுத் தளர்வது இயல்பு.

டிக்கியில் இருக்கும் மேலதிகச் சில்லு பழைய உருக்குச் சில்லாக இருந்தால், அதற்குரிய பழைய நட்டுகள் நான்கையும் ஒரு பையில் கட்டி அதனுடனேயே வையுங்கள். அலோய் சில்லின் குழாய் நட்டு உருக்குச் சில்லை இறுக்காது. மகாஓயாப் பக்கத்துக் காட்டு வீதியில் இரவில் காற்றுப் போன பின்னர் அதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.